முதலில் சொறிந்தவள்

யாழினிக்கும் கதிருக்கும் அப்பா எழுதுவது.

நேற்று சாயங்காலம் நான் களிம்பு ட்யூபின் மூடியைத் திருகியதுமே ஒருத்தி மாடிப்படி ஏறினாள், ஒருத்தன் கட்டிலுக்கு அடியில் புகுந்தான். "எங்களுக்குத்தான் அரிக்கவே இல்லையேப்பா, நாங்க இன்னாத்துக்கு பூசிக்கணும்?" என்று யாழினி மேலேயிருந்து கேட்டாள். "அப்பாவுக்கு மலையில இன்னாவோ ஒட்டிக்கிச்சு, நம்மகிட்ட சொல்ல மாட்டேங்குறாரு" என்று கதிர் முணுமுணுத்ததும் என் காதில் விழுந்தது.

சந்தேகப்படுவது தப்பில்லை. மோட்டாருக்குச் செம்புக் கம்பிக் காயில் கட்டுகிற என் தொழிலில் சந்தேகம்தான் முதல் கருவி. "நல்லாத்தான் ஓடிட்டு இருந்துச்சு, திடீர்னு நின்னுடுச்சு" என்று சொல்லாத வாடிக்கையாளரை நான் பார்த்ததே இல்லை. அதை அப்படியே நம்பினால் கடையை மூட வேண்டியதுதான். ஆனால் சந்தேகத்தை எந்தப் பக்கம் திருப்புவது என்பதில் நான் இந்த முறை நன்றாக ஏமாந்தேன். அதனால் சவ்வாது மலைக்குப் போய்வந்த கதையை உங்களுக்கு எழுதுகிறேன். எங்கே பஸ் ஏறினேன், எங்கே மாறினேன் என்பதை எல்லாம் விட்டுவிடுகிறேன். நான் பத்தாவதோடு நின்றவன். டாக்டரம்மா சொன்னதில் எனக்குப் புரிந்தது எவ்வளவோ அவ்வளவுதான் இதில் இருக்கும்.

பொங்கல் முடிந்த கையோடு மலையிலிருந்து போன் வந்தது ஞாபகம் இருக்கிறதா? சின்னப்பையன் என்பவர் பேசினார். பெயர்தான் அப்படி, வயது அறுபதை நெருங்குகிறது. சாமையில் உமி நீக்கும் இயந்திரம் வைத்திருக்கிறார். சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் எல்லாம் அங்கேதான் கொண்டுவந்து குத்திக்கொண்டு போகிறார்கள். மோட்டார் புகைந்து நின்றுவிட்டது, வந்து பாருங்கள் என்றார்.

அமிர்திக்கு மேலே ஒரு ஷேர் ஜீப்பில் ஏறினேன். டிரைவரும் பக்கத்தில் இருந்த இன்னொருவரும் தெலுங்கில் பேசிக்கொண்டார்கள். எனக்குத் தெலுங்கு புரியும் என்று அவர்களுக்குத் தெரியாது. "சட்டைப் பையில டெஸ்டர் வச்சிருக்கான் பாரு. திருட்டு கரண்ட் புடிக்க வர்ற ஆளு மாதிரி தெரியுது. எந்த வூட்டாண்ட எறங்குறான்னு பாத்து வச்சிக்க" என்றார் டிரைவர். "மூஞ்சியே சரியில்ல" என்றார் மற்றவர். நானும் அவர்களைச் சும்மா விடவில்லை. அந்த மற்றவர் கால் இடுக்கில் வைத்திருந்த மூட்டையில் சந்தனக்கட்டைதான் இருக்கும் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். ஒரு வளைவில் மூட்டை அவிழ்ந்தது. ஜீப் முழுக்க நெல்லிக்காய் உருண்டது.

சின்னப்பையன் வீட்டில் மோட்டாரைப் பார்க்கும் முன்னால் ஸ்டார்ட்டர் பெட்டியைப் பார்த்தேன். அதன் பச்சைப் பொத்தான் வெளியே வராதபடி ஒரு மூங்கில் சிம்பு அழுத்திச் சொருகப்பட்டிருந்தது.

"இது இன்னாங்க கவுண்டரே?"

"சனியன் புடிச்ச ஸ்டார்ட்டரு மேஸ்திரி. ஓட வுட்டா அப்பப்ப டப்பு டப்புனு வுழுந்துக்கினே இருந்துச்சு. குச்சி வச்சேன். அப்புறம் வாயே தொறக்கல."

"அது வாய் தொறக்காததாலதான் மோட்டாரு எரிஞ்சிச்சு."

"ஸ்டார்ட்டரையே மாத்திடலாமா?"

ஸ்டார்ட்டர் எதற்கு என்று உங்களுக்குத் தெரியும், கடையில் பார்த்திருக்கிறீர்கள். மோட்டார் தாங்க முடியாமல் கரண்டை அதிகமாக இழுத்தால் அது தானே விழுந்து கரண்டை நிறுத்தும். அது விழுந்தால் உள்ளே வேறு எங்கேயோ கோளாறு என்று அர்த்தம். கோளாறு எங்கே என்று தேடாமல், சொன்னவன் வாயை அடைத்தால் காயில் கருகும். காயிலைக் கழற்றியதும் கருகிய வார்னிஷ் வாசம் மூக்கில் ஏறியது. மோட்டாரைக் கீழே கொண்டுபோய்த்தான் கட்டவேண்டும் என்று சொல்லிவிட்டேன்.

அன்று அங்கேயே தங்கல். சாமைச் சோறும் கொள்ளு கடைசலும் போட்டார்கள். நம் வீட்டு அரிசிச் சோறு போல அது கையில் உருளாது. சிறு சிறு மணியாக உதிரும், ஆனால் வயிற்றில் போய் உட்கார்ந்தால் நகராது. பரிமாறியவள் அந்த வீட்டு மருமகள் சங்கீதா. கல்யாணமாகி ஒரு வருடம் ஆகவில்லை. வளையலுக்கு மேலே மணிக்கட்டைச் சொறிந்துகொண்டே சோறு போட்டாள். எனக்கு அடுத்த வாய் இறங்கவில்லை. சோற்றுக்கு மேலே ஊற்றிக்கொள்ளத் தேன் கொடுத்தார்கள். வெல்லப்பாகாக இருக்குமோ என்று ஒரு சொட்டு எடுத்துத் தண்ணீர் டம்ளரில் விட்டுப் பார்த்தேன்.

"கரையலீங்கண்ணா, நல்லா பாத்துக்கங்க" என்று சங்கீதா சிரித்தாள்.

தை மாதக் குளிர் அங்கே எலும்பைத் தொடுகிறது. அந்த வீட்டுப் பையன், சங்கீதாவின் புருஷன் ஏழுமலை, குடகுப் பக்கம் காப்பித் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுப் பொங்கலுக்குத்தான் திரும்பியிருந்தான். அங்கிருந்து கொண்டுவந்த பெரிய சிவப்புப் போர்வை அவனிடம் இருந்தது. மலையில் விருந்தாளிக்குத்தான் வீட்டிலேயே நல்ல போர்வை. "நீங்களும் இதுக்குள்ள வந்துடுங்கண்ணா" என்றான். இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் முதுகோடு முதுகு ஒட்டிப் படுத்தோம். அந்த வீட்டில் நான் துளியும் சந்தேகப்படாத ஒரே பொருள் அந்தப் போர்வைதான்.

பிறகு மோட்டாரோடு வீடு திரும்பினேன். செம்புக் கம்பி வர நாளாயிற்று. அந்த வாரங்களில் எல்லாம் நீங்கள் இரண்டு பேரும் என் இரண்டு பக்கமும்தான் படுத்தீர்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மாசி பிறந்ததும் மறுபடி மலை ஏறினேன். அதே டிரைவர். இப்போது நான் யார் என்று தெரிந்துவிட்டதால் தமிழிலேயே பேசினார். மோட்டாரை ஜீப் மேலே கட்டினோம். கொண்டை ஊசி வளைவில் கயிறு நழுவி, மோட்டார் வழுக்கி வந்து முன் கண்ணாடியை எட்டிப் பார்த்தது. எல்லோரும் கத்தினோம். கடைசியில் மோட்டாரைத் துண்டால் கட்டி முன் சீட்டில் உட்கார வைத்துவிட்டு, சீட்டுப் பிடித்திருந்த நான் பின்னால் தொங்கிக்கொண்டு போனேன். "மாப்பிள்ள மாதிரி குந்திக்கினு வர்றாரு பாரு" என்று ஜீப்பில் இருந்த ஒரு அம்மா மோட்டாரைக் காட்டிச் சொன்னார்.

சின்னப்பையன் வீட்டு வாசலில் இறங்கியதும் ஏதோ சரியில்லை என்று பட்டது. இயந்திரம் இல்லாத வீடு அமைதியாக இருக்கும், அது தெரிந்ததுதான். ஆனால் சங்கீதா மாட்டுக் கொட்டகை ஓரம் தனியாக உட்கார்ந்திருந்தாள். அவள் தட்டும் டம்ளரும் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தன. எனக்குச் சோறு போட்டது மாமியார் காளியம்மா.

"மருமக வரலீங்களா?" என்றேன்.

"அதக் கேக்காதீங்க. அவங்க அம்மா வூட்ல இருந்து சிரங்கைக் கொணாந்து வச்சிருக்குறா. பொங்கலுக்கு முன்ன அங்க போய்ட்டு வந்தா. வந்து நாலு நாள்ல ஆரம்பிச்சா சொறிய."

"வேற யாருக்கும்?"

"ஒருத்தருக்கும் கெடையாது. எம்புள்ள மாசக்கணக்கா ஊரு வுட்டு ஊரு போயி வேல செஞ்சிட்டு வந்தான், ஒரு அரிப்பு உண்டா கேளுங்க. இவளுக்கு இது புதுசும் இல்ல. சின்னதுல ஆஸ்டல்ல படிக்கறப்பவே வந்துச்சாம். அவ வாயாலயே சொன்னா."

எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. முன்பே இருந்த நோய், அம்மா வீடு, அவள் ஒருத்திக்கு மட்டும் அரிப்பு. முதல் முறை வந்தபோது அவள் சொறிந்ததை நானே கண்ணால் பார்த்தேன். நானும் தலையை ஆட்டிவிட்டேன்.

ஊரிலும் பேச்சு பரவியிருந்தது. சிரங்குக்காரி கை படுகிற இடத்தில் சாமை குத்தமாட்டோம் என்று சிலர் சொல்லிவிட்டார்களாம். மோட்டார் வந்தாலும் சாமை வராது என்று சின்னப்பையனுக்குக் கவலை. அடுத்து சந்தைக்குப் போகும் ஜீப்பில் மருமகளை ஏற்றி, அங்கேயிருந்து அம்மா வீட்டுக்கு அனுப்பிவிடுவது என்று முடிவு. ஏழுமலை கால் கட்டைவிரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தான்.

மறுநாள் மோட்டாரை மாட்டினேன். கழற்றிப் போட்டிருந்த ஸ்பேனர் ஒன்று உருண்டு கொட்டகைப் பக்கம் போய்விட்டது. சங்கீதா எடுத்துவந்தாள். என் கையில் கொடுக்காமல், எட்டி நின்று ஒரு கல்மேல் வைத்துவிட்டுப் போனாள். நான் கொஞ்சம் மண்ணெண்ணெயில் துணியை நனைத்து அந்த ஸ்பேனரைத் துடைத்தேன். நிமிர்ந்தபோது அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தொடச்சிக்கங்கண்ணா, தப்பில்ல" என்றாள். பிறகு, "ஒருவாட்டி பொட்டியத் தூக்கிக்கினு எறங்கினா திரும்ப ஏத்த மாட்டாங்க. எங்க ஊர்லயும் இன்னா நெனைப்பாங்க? நோய்க்காரின்னு அனுப்பிட்டாங்கன்னு. எனக்குப் பின்னால தங்கச்சி ஒருத்தி இருக்குறா" என்றாள்.

ஸ்பேனரையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

புதுக் காயில் கட்டிய மோட்டார் ஓடியது. கொஞ்ச நேரம்தான். டப்பென்று ஸ்டார்ட்டர் விழுந்தது.

"நான்தான் சொன்னேனே, ஸ்டார்ட்டருதான் கெட்டது!" என்று சின்னப்பையன் துள்ளினார். அவர் கை தானாகக் குச்சியைத் தேடியது.

பெல்ட்டைக் கழற்றிவிட்டு மோட்டாரை மட்டும் ஓட்டினேன். விழவில்லை. அப்படியென்றால் மோட்டாரும் நல்லது, ஸ்டார்ட்டரும் நல்லது. உமி நீக்கும் இயந்திரத்தின் உருளையைக் கையால் சுற்றினேன். சுற்றவே மாட்டேன் என்றது. பேரிங்குக்குள் உமித்தூளும் மண்ணும் இறுகிக் கல்லாகிக் கிடந்தது. அதைக் கழற்றி, என் பெட்டியில் இருந்த புது பேரிங்கைப் போட்டேன். அப்புறம் ஸ்டார்ட்டர் விழவில்லை. சின்னப்பையன் அந்தப் பழைய பேரிங்கை உள்ளங்கையில் வைத்து உருட்டிப் பார்த்தார். "நாளெல்லாம் இவன வுட்டுட்டு அவனத் திட்டிக்கினு இருந்தேன்" என்றார்.

அடுத்த நாள் சந்தை. ஜமுனாமரத்தூர் போகும் ஜீப்பில் எல்லோரும் ஏறினோம். சின்னப்பையன், காளியம்மா, ஏழுமலை, மடியில் துணிப்பையோடு சங்கீதா. கொள்ளு தின்று என் வயிறு உப்பியிருந்தது, மாத்திரை வாங்க நானும் போனேன். கருவிப் பெட்டியை அவர்கள் வீட்டிலேயே வைத்திருந்தேன். ஜீப்பில் இடம் இல்லாமல் நெருக்கியடித்து உட்கார்ந்தும், சங்கீதாவின் இரண்டு பக்கமும் ஒரு ஆள் உட்காரும் அளவுக்குக் காலியாக இருந்தது. மண்ணெண்ணெய் டின் ஒன்றை யாரோ அந்த இடத்தில் வைத்தார்கள்.

இறங்கவேண்டிய இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் டயர் பஞ்சர். ஸ்டெப்னியைத் தட்டிப் பார்த்தால் அதிலும் காற்று இல்லை. டிரைவர் சக்கரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு ஊருக்குள் நடந்தார். நாங்கள் நின்ற இடத்துக்கு எதிரே ஆஸ்பத்திரி.

"போற போக்குல டாக்டராண்ட காட்டிட்டுப் போறேன் அத்த" என்றாள் சங்கீதா.

"ஊசி போட்டு அனுப்பினா போய்டுமா? நம்மள ஏமாத்துறதுக்கு."

அதுவரை வாய் திறக்காத ஏழுமலை, "போய்ட்டு வந்துரலாம்மா. ஜீப்பு எப்படியும் நிக்குது" என்றான்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். சங்கீதாவின் விரல் இடுக்கைப் பார்த்ததுமே, "ஸ்கேபிஸ். சிரங்குப் பூச்சி. வூட்ல எத்தன பேரு?" என்று கேட்டார். நாங்கள் வாசலில் நிற்பதைப் பார்த்து, "எல்லாரும் உள்ள வாங்க, கையக் காட்டுங்க" என்றார்.

"எங்களுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றார் காளியம்மா.

"இல்லன்னா நல்லதுதானே. காட்டுங்க."

ஒரு பூதக்கண்ணாடியும் டார்ச்சும் வைத்துக்கொண்டு ஒவ்வொருவர் கையாகப் பார்த்தார். ஏழுமலையின் விரல் இடுக்கில் நிறுத்தினார். சாம்பல் நிறத்தில், நூல் போல வளைந்து ஒரு கோடு. அடுத்து காளியம்மாவின் மணிக்கட்டில் ஒன்று. சின்னப்பையன் கையில் எதுவும் கிடைக்கவில்லை. நான் சும்மா நின்றேன்.

"நீங்க?"

"நான் மோட்டார் ரிப்பேருக்கு வந்தவங்க. கண்ணமங்கலம். எனக்கெல்லாம் வராது."

"அங்க தங்கினீங்களா? கைக்கடிகாரத்தக் கழட்டுங்க."

பட்டைக்குக் கீழே அதே நூல் கோடு. யாழினி, அப்போது என் காது இரண்டும் சூடானது. ஸ்பேனரை மண்ணெண்ணெயில் துடைத்தவன் கையில்!

காளியம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "அரிக்காத எடத்துல பூச்சி எப்படிம்மா இருக்கும்? இவ உங்ககிட்ட முன்னாடியே இன்னாவோ சொல்லி வச்சிட்டாளா?"

அதற்குப் பிறகு டாக்டரம்மா சொன்னதைத்தான் நீங்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

அந்தப் பூச்சி கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. பெண் பூச்சி தோலின் மேல் அடுக்குக்குள் சுரங்கம் போல வழி பண்ணி, அதற்குள்ளேயே முட்டையிடும், எச்சம் போடும். நமக்கு அரிப்பது அது கடிப்பதால் இல்லையாம். நம் உடம்பே அதைக் கண்டுபிடித்து எதிர்க்கும்போது வருவதுதான் அரிப்பு.

தோலுக்குள் காவல் அணுக்கள் இருக்கின்றன. பூச்சியின் எச்சத்தில் ஒரு துணுக்கு அகப்பட்டால், அதைத் தூக்கிக்கொண்டு அக்குளுக்கும் தொடை இடுக்குக்கும் போகும். புண் வந்தால் நெறி கட்டுமே, அந்த இடங்கள். அங்கே வேறு வகை வெள்ளை அணுக்கள் காத்திருக்கின்றன. அவற்றிடம் இந்தத் துணுக்கைக் காட்டி, "இவனைப் பார்த்து வைத்துக்கொள்" என்று சொல்லும். அந்த அணுக்கள் பாடம் படித்து, பல மடங்கு பெருகி, தோலுக்குத் திரும்பி வரவேண்டும். அவை வந்து சண்டை போடும்போதுதான் தோல் சிவக்கும், தடிக்கும், அரிக்கும். முதல் தடவை இந்தப் பாடம் முடிய வாரக்கணக்கில் ஆகும். ஒரு மாதம், சிலருக்கு அதற்கு மேலும். போதாததற்குப் பூச்சியின் எச்சில் காவல் அணுக்களை மந்தப்படுத்தியும் வைக்குமாம். அதுவரை பூச்சி உள்ளேயே குடும்பம் நடத்தும், அடுத்தவர்மேலும் தாவும். நமக்கு ஒன்றும் தெரியாது.

"அப்ப இவ மட்டும் ஏம்மா மொதல்ல சொறிஞ்சா?" என்று கேட்டார் சின்னப்பையன்.

"ஏற்கெனவே ஒரு தடவ வந்திருக்கா?"

"சின்னதுல ஆஸ்டல்ல" என்றாள் சங்கீதா, தலையைக் குனிந்தபடி.

"அதான். பாடம் படிச்ச அணுக்கள்ல கொஞ்சம் அப்படியே ஞாபகமா ஒடம்புல தங்கிடும். மறுபடி அதே பூச்சி வந்தா உடனே அடையாளம் கண்டுபுடிச்சிடும். ஒண்ணு ரெண்டு நாள்லயே அரிக்கும். மொதல்ல சொறிஞ்சவங்கதான் கொண்டுவந்தாங்கன்னு அர்த்தம் இல்ல. உங்க வூட்டுக்குள்ள பூச்சி வந்துடுச்சுன்னு மொதல்ல சொன்னதே இவங்க ஒடம்புதான்."

"அப்ப கொண்டாந்தது யாரு?"

டாக்டரம்மா ஏழுமலையைப் பார்த்தார். "தோட்டத்துல தங்கின எடத்துல யாராவது சொறிஞ்சிட்டு இருந்தாங்களா?"

"லயத்துல எல்லாருமே சொறிஞ்சிக்கினுதாங்க இருந்தாங்க" என்றான் ஏழுமலை. "எனக்கு அரிக்கல. அதனால நான் கண்டுக்கல."

"இவருதான்னு நான் அடிச்சு சொல்லல. யாரு கொண்டாந்தாலும் மருந்து ஒண்ணுதான். வூட்ல இருக்குற எல்லாரும் ஒரே நாள்ல பூசிக்கணும்."

காளியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சங்கீதா துணிப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு வெளியே ஜீப்பைப் பார்த்தாள். டிரைவர் சக்கரத்தை மாட்டி முடித்து ஹாரன் அடித்தார். இன்னும் எதுவும் மாறவில்லை, அவளை ஏற்றி அனுப்பத்தான் போகிறார்கள் என்று எனக்குத் தெரிந்தது. டாக்டர் சொன்னது அவர்களுக்குக் காதுவரைதான் போயிருந்தது. எனக்குப் பழகிய பேச்சு மோட்டார்ப் பேச்சு ஒன்றுதான்.

"கவுண்டரே, ஸ்டார்ட்டரு" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார்.

"உங்க மருமகதான் இந்த வூட்டு ஸ்டார்ட்டரு. உள்ள கோளாறுன்னு டப்புனு வுழுந்து சொன்னது அவங்க ஒடம்பு. பேரிங்கு உங்க புள்ள கையில இருக்குது, உங்க வூட்டம்மா கையில இருக்குது, இதோ என் கையிலயும் இருக்குது. இப்ப இவங்கள அனுப்பிட்டா?"

சின்னப்பையன் தன் கையை மூக்குக்குப் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"குச்சி சொருவுறது" என்றார்.

"ஆமாங்க."

"இன்னா குச்சி? இன்னா ஸ்டார்ட்டரு? ரெண்டு பேரும் இன்னா பேசிக்கிறீங்க?" என்று காளியம்மா கத்தினார்.

"வூட்டுக்கு வா, சொல்றேன். ஏம்மா சங்கீதா, அந்தப் பையக் குடு இப்பிடி." மருமகளின் துணிப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு போய் ஜீப்பில் உட்கார்ந்தார். மண்ணெண்ணெய் டின்னை நகர்த்திவிட்டு நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். கொஞ்சம் நெருக்கமாகத்தான் இருந்தது.

டாக்டரம்மா கொடுத்த களிம்பை அன்று சாயங்காலமே அவர்கள் பூசிக்கொண்டார்கள். என்னுடைய ட்யூபுகளை வீட்டுக்கு எடுத்துப்போய் நாம் எல்லோரும் ஒரே நாளில் பூசிக்கொள்ள வேண்டும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்ததால், நான் வெளியே தனியாகக் கருவிப் பெட்டியை அடுக்கிக்கொண்டிருந்தேன். உள்ளே காளியம்மாவின் குரல் கேட்டது. ட்யூபை மோந்து பார்த்துவிட்டு, "இதுல இன்னா கலந்திருக்குறாங்களோ" என்றார். பிறகு:

"திரும்புடி."

"வேணாம் அத்த, நானே பூசிக்கிறேன்."

"ஒங்கை முதுவுக்கு எட்டுமா? திரும்புன்னா திரும்பு."

பிறகு அதே குரல், ஆனால் அதட்டல் இல்லாமல்: "ம். இப்ப எனக்கு நீ பூசு. அழுத்தித் தேய்க்காத, நான் ஒண்ணும் மாடு இல்ல."

சங்கீதா சிரித்தாள். தேன் சொட்டைத் தண்ணீரில் விட்டபோது கேட்ட அதே சிரிப்பு. அதற்குப் பிறகு இப்போதுதான் அதைக் கேட்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

இன்று காலையில் அவளே போன் செய்தாள். சாமை குத்த இரண்டு வீட்டுக்காரர்கள்தான் வந்தார்களாம், மற்றவர்கள் இன்னும் தள்ளி நின்றுதான் பார்க்கிறார்களாம். ஒரு தடவை ஸ்டார்ட்டர் விழுந்ததாம். மாமா குச்சியைத் தேடவில்லை, பெல்ட்டைக் கழற்றிவிட்டு உருளையைச் சுற்றிப் பார்த்தாராம். "பெல்ட்டு ரொம்ப இறுக்கமா இருந்துச்சுண்ணா, தளத்தி வுட்டாரு" என்றாள். அந்த மூங்கில் சிம்பு எங்கே என்று கேட்டேன். "காலையில அடுப்புல வச்சிட்டேன்" என்றாள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்களுக்கு அரிக்கவில்லை. எனக்கும்தான் அரிக்கவில்லை. ஏழுமலைக்கும் அரிக்கவில்லை. அந்த முதல் பயணத்துக்குப் பிறகு எத்தனையோ இரவுகள் நீங்கள் என் இரண்டு பக்கமும் படுத்தீர்கள். உங்கள் அக்குளில் அந்த அணுக்கள் இப்போதுதான் பாடம் படிக்க உட்கார்ந்திருக்குமோ என்னவோ, யார் கண்டது? இல்லாமலும் இருக்கலாம். அரிக்கும்வரை பொறுத்திருந்து பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். அதற்குள் கதிர் பள்ளிக்கூடத்தில் பக்கத்துப் பையனுக்குக் கொடுத்துவிடுவான். அந்தப் பையனுக்கு முன்பே ஒரு தடவை வந்திருந்தால் அவன்தான் முதலில் சொறிவான். எல்லோரும் அவனைத் தள்ளி உட்கார வைப்பார்கள்.

நேற்று ராத்திரி நான் கடையிலேயே படுத்தது கோபத்தில் இல்லை, உங்களுக்கு ஒட்டிவிடக் கூடாதே என்றுதான். போர்வைகளையும் துணிகளையும் அம்மா வெந்நீரில் போட்டுவிட்டாள். ட்யூப் டிவி பக்கத்தில் இருக்கிறது. கழுத்திலிருந்து உள்ளங்கால்வரை, விரல் இடுக்கு, தொப்புள், நகத்தடி எதையும் விடாமல் பூசவேண்டும். காலையில் குளித்துவிடலாம். ஒரு வாரம் கழித்து இன்னொரு தடவை. நான்கு பேரும் ஒரே நாளில் பூசினால்தான் பலன், அதனால் அம்மாவும் நானும் உங்களுக்காகக் காத்திருக்கிறோம்.

சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்து, சட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பி உட்காருவேன். கதிர், கட்டிலடியில் இருந்து வெளியே வா. முதலில் நீ எனக்குப் பூசு. என் முதுகுக்கு என் கை எட்டாது.